பழங்குடி மக்களும் நல்ல தண்ணியும்: போட்டோ சீரிஸுக்கு நீலகிரி போறேன், ஐடியா குடுங்க

கோவைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு சின்ன கண்காட்சிக்கு எட்டு படம் கேட்டிருக்காங்க, தலைப்பு "பழங்குடி மக்களும் நல்ல தண்ணியும்". நமக்கு கோயமுத்தூர், மேட்டுப்பாளையம் தாண்டினா மலைதான், அதனால நீலகிரின்னு முடிவு பண்ணிட்டேன். மனசுல இருக்கற படத்த சொல்றேன், காலைல பனி, ஒரு ஓடை, தோடர் அம்மா ஒருத்தங்க அந்த சிவப்பு கருப்பு பூ வேலை செஞ்ச புத்துக்குளிய போர்த்திக்கிட்டு குனிஞ்சு குடத்துல தண்ணி மொள்றாங்க, பின்னாடி அந்த வளைஞ்ச கூரை வீடு லேசா அவுட் ஆஃப் போகஸ்ல. லென்ஸ் 35 எம்எம்மும் 85ம் இருக்கு. கேள்வி மூணு. ஓடைக்கு போலரைசர் (தண்ணி மேல பளபளப்பைக் குறைக்கற ஃபில்டர்) போடலாமா? கான்கிரீட் வீடு, டிஷ் ஆண்டெனா எதுவும் பிரேம்ல வராத மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, எது? போஸ் குடுக்கறவங்களுக்கு எவ்வளவு குடுக்கறது வழக்கம்? லோக்கல் ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

நாப்பதுஎம்எம்:
பாஸ், போலரைசர் எடுத்துட்டுப் போங்க, ஆனா ஃபுல்லா திருப்பாதீங்க. மொத்தமா திருப்பினா தண்ணி மேல இருக்கற பளபளப்பு போயி அடியில கல்லு மட்டும் தெரியும், தண்ணி இருக்கற மாதிரியே இருக்காது. பாதி திருப்பி விட்டீங்கன்னா போதும். பனியில ஒரு ஸ்டாப் ஓவர் பண்ணுங்க, அதாவது வெளிச்சம் ஒரு படி கூட விடுங்க, இல்லாட்டி எல்லாம் சாம்பலா வரும். 85 அழகா இருக்கும் இந்த ஃப்ரேமுக்கு. மத்த ரெண்டு கேள்விக்கு ஊட்டிக்காரங்க வரட்டும்.

கேத்திப்பையன்:
ஊட்டிக்காரன் வந்துட்டேன். நான் படுகர், தோடர் இல்ல, அதனால அவங்க சார்பா பேசறேன்னு எடுத்துக்காதீங்க, ஆனா பொறந்ததுல இருந்து பக்கத்துல இருக்கோம், அவங்க கல்யாணத்துக்கு நாங்க போவோம், எங்க சாவுக்கு அவங்க வருவாங்க, அந்த அளவுக்கு தெரியும்.

குருவி அண்ணா, நீங்க சொன்ன படம் ஏற்கனவே இருக்கு. போஸ்ட்கார்டா இருக்கு, காலண்டரா இருக்கு, ஓட்டல் வரவேற்பறையில ஃப்ரேம் போட்டு இருக்கு. 1870கள்ல ஊட்டியில ஸ்டுடியோ போட்ட பென்னுங்கற வெள்ளைக்காரர்ல இருந்து ஆரம்பிச்சு, மண்டை அளவெடுக்க வந்தவங்க, ஆராய்ச்சிக்கு வந்தவங்க, இப்போ ரீல்ஸ் எடுக்கறவங்க வரைக்கும், தோடர் மொத்தமே ரெண்டாயிரம் பேர் பக்கம்தான், தலைக்கு எத்தனை போட்டோன்னு கணக்கு போட்டா தமிழ்நாட்டுலயே அவங்கதான் ஃபர்ஸ்ட் வருவாங்க. வருஷா வருஷம் மொற்பர்த் பண்டிகைக்கு முத்தநாடு மந்துல எல்லாப் பேப்பர்காரங்களும் நின்னு கல்லு தூக்கற அதே படத்தை எடுக்கறாங்க, போன வருஷப் படத்தை இந்த வருஷம் போட்டாலும் ஒருத்தனுக்கும் தெரியாது.

சரி அது கிடக்கட்டும். விஷயம் வேற. நீங்க அந்த அம்மாவை எந்த ஓடையில நிக்க வெப்பீங்க? கேக்கறதுக்கு காரணம் இருக்கு. மந்துல நாம கோயில்னு சொல்றது எருமைப் பாலைக் கறந்து கொண்டு போயி கடையற இடம், அதுக்குன்னு தனித் தண்ணி. வீட்டுக்கு வேற தண்ணி. சில மந்துல ரெண்டு ஓடையே தனித்தனியா இருக்கும், சில இடத்துல ஒரே ஓடை, ஆனா மேல் பக்கம் கோயிலுக்கு, கீழ் பக்கம் வீட்டுக்கு. பொம்பளைங்க கோயில் தண்ணிப் பக்கம் போறதில்ல. ரிவர்ஸ்னு ஒருத்தர் 1906ல போட்ட தோடர் புஸ்தகத்துலயே இது விலாவாரியா இருக்கு. வெளிய இருந்து வர்றவங்க கண்ணுக்கு எது அழகா இருக்கும்? மேல் பக்கம்தான், அங்கதான் சுத்தமா மரத்தடியில பாறைக்கு நடுவுல ஓடும். அங்க நிக்க வெச்சு எடுத்துட்டு "தண்ணியோட அவங்களுக்கு இருக்கற உறவு"ன்னு கேப்ஷன் போட்டா, அந்த உறவையே மிதிச்சுட்டு எடுத்த படம் அது.

அதே புஸ்தகத்துல இன்னொன்னும் வரும். பைக்காரா ஆறு அவங்களுக்கு சாமி மாதிரி. அதைத் தாண்டும்போது புத்துக்குளிக்குள்ள இருக்கற வலது கையை வெளிய எடுத்துட்டுத்தான் தாண்டணும், சில கிழமைல தாண்டவே கூடாது. இப்ப அந்த ஆத்துல அணை இருக்கு, போட் ஹவுஸ் இருக்கு, கூடலூர் பஸ் பாலத்து மேல போகுது. பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்த பெரியவர் ஒருத்தர் பாலம் வர்ற நேரம் போர்வையை லேசா விலக்கினதை சின்ன வயசுல பாத்திருக்கேன், அப்ப அர்த்தம் தெரியாது, குளிருக்குத்தான் ஏதோ சரி பண்றாருன்னு நெனச்சேன். அதுதான் தண்ணி படம். அதுல தண்ணியே இருக்காது.

கடைசியா கூரை. நீங்க அவுட் ஆஃப் போகஸ்ல போடப்போற அந்த வளைஞ்ச கூரை இருக்கே, கோயில் கூரைக்கு போடற புல்லு சதுப்புல மட்டும்தான் வளரும். மலைக்கு நடுவுல தண்ணி தேங்கி ஊறி ஊறி கீழ விடற சேத்து நிலம், கால் வெச்சா முழங்கால் போகும். அதுல பாதிக்கு மேல போச்சு. வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டு காய வெச்சாங்க, மிச்சத்துல கேரட்டு, உருளை போட வடிகால் வெட்டினோம், "வெட்டினோம்"னுதான் சொல்லணும், எங்க ஆளுங்களும்தான். இப்ப கூரை மாத்தணும்னா புல்லைத் தேடி ரொம்ப தூரம் போறாங்க. அண்ணா, கூரையை போகஸ்ல போடுங்க, மத்தது பின்னாடி மங்கலா இருக்கட்டும்.

பணம் பத்தி நான் சொல்ல மாட்டேன். மந்துக்குப் போயி முதல்ல பெரியவங்க கிட்ட கேமரா பைக்குள்ள இருக்கும்போதே பேசுங்க.

கோவைக்குருவி:
தம்பி இவ்வளவு எழுதினதுக்கு நன்றிங்க. ரெண்டு தண்ணி விஷயம் சத்தியமா யாருஞ் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. கண்காட்சிக்கு வர்றவன் ஒரு படத்து முன்னாடி மூணு செகண்ட் நிப்பான். கூரைப் புல்லை எடுத்து மாட்டினா அவனுக்கு என்ன புரியும்? கீழ ஒரு பக்கத்துக்கு கேப்ஷன் எழுதணும். படம்னா படமே பேசோணுமுங்க. ஓடை, குடம், முகம், இது எவனுக்கும் புரியும். ஒரே மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றது சரிதான், அதுக்காக அழகா இருக்கறதெல்லாம் தப்பா?

லைட்மீட்டர்:
டிஷ் ஆண்டெனா பிரேம்ல வரக்கூடாதுன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பல்லு கூசுது. எட்வர்டு கர்டிஸ் அமெரிக்கப் பழங்குடிகளை 1907ல இருந்து 1930 வரைக்கும் இருபது வால்யூம் போட்டாரு, பெரிய வேலை, மறுக்கல. அதுல பீகன்ங்கற பழங்குடியோட கூடாரத்துக்குள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்கற ஒரு படம். ஒரிஜினல் நெகட்டிவ்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அலாரம் கடிகாரம் இருக்கு. புஸ்தகத்துல வந்த பிரிண்ட்ல அது இல்ல, சுரண்டி எடுத்துட்டாரு. அவங்ககிட்ட கடிகாரம் இருந்தா பாக்கறவனுக்கு "பழங்குடி" ஃபீல் வராதாம். நூறு வருஷம் ஆச்சு, நாம இப்ப டிஷ் ஆண்டெனாவ சுரண்டறோம்.

மியான்மர் இன்லே ஏரி தெரியுமில்ல, இன்தா மீனவர் ஒத்தக் கால்ல துடுப்பைச் சுத்தி, கூம்பு மாதிரி பெரிய கூடையைத் தூக்கிக்கிட்டு சூரிய உதயத்துல நிக்கற படம். டிராவல் மேகஸின் அட்டைல பாத்திருப்பீங்க. ஏரி வாசல்லயே அந்தக் கூடையோட நின்னு டிப்ஸுக்கு போஸ் குடுக்கறாங்க. நிஜமா மீன் புடிக்கறவங்க வலை போட்டு அந்தப் பக்கம் புடிச்சுட்டு இருக்காங்க, அவங்களை எடுக்க எவனும் போறதில்ல, பாக்க சாதாரணமா இருக்கும். போஸ் குடுக்கறவரை நான் குத்தம் சொல்லல, அது அவருக்கு வருமானம். ஆனா அதை எடுத்துட்டு வந்து "ஏரியோட அவங்களுக்கு உள்ள பந்தம்"னு சொல்லாதீங்க, அது டூரிஸ்டோட அவருக்கு உள்ள பந்தம். ஏரியோட பந்தம் பாக்கணும்னா அங்கயே மிதக்கற தோட்டத்துல தக்காளிக்கு மருந்தடிக்கறதை எடுக்கலாம், உரமும் மருந்தும் ஏரித் தண்ணியிலதான் போய்ச் சேருது. அழகா இருக்காது.

வின்னிபெக்வாசி:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில வின்னிபெக்கில இருக்கிறன். ஊட்டி எனக்குத் தெரியாது, ஆனா நீங்கள் கதைக்கிற விசயம் எங்கட வீட்டுக் குழாயிலயே ஓடுது, அதால எழுதிறன், கொஞ்சம் நீளும்.

எங்கட நகரத்துக்குத் தண்ணி வாறது ஷோல் லேக் எண்ட ஏரியில இருந்து. 1919ல கட்டி முடிச்ச கால்வாய், 155 கிலோமீட்டர், பம்ப் ஒண்டும் இல்லாமல் நிலத்தின்ர சரிவிலயே ஓடி வருது, எஞ்சினியர்மார் இண்டைக்கும் மெச்சிற வேலை. அந்தக் கால்வாயின்ர வாய் இருக்கிற கரையில இருந்தது ஷோல் லேக் 40 எண்ட ஊர்ச் சனம், அனிஷினாபே எண்ட பழங்குடி. அவையின்ர காணியை எடுத்துத்தான் இது கட்டினது. ஏரிக்குள்ள வந்து விழுற ஒரு ஆத்துத் தண்ணி மண்ணிறமா இருக்கெண்டு, அது நகரத்துக்குப் போகாமல் ஒரு தடுப்பணை போட்டு அந்தச் சனம் இருந்த பக்கம் திருப்பி விட்டவை. வெட்டின வாய்க்காலால ஊர் தீவாப் போச்சு. அங்காலை போறதெண்டால் வள்ளம், குளிர்காலத்தில ஐஸுக்கு மேலால. நல்லா யோசிச்சுப் பாருங்கோ, நாங்கள் வின்னிபெக்கில குழாயைத் திறந்து அப்பிடியே குடிக்கிறம், அதே ஏரிக் கரையில இருக்கிறவைக்கு 1997ல இருந்து 2021 வரைக்கும் "கொதிக்க வைச்சுத்தான் குடிக்கோணும்" எண்ட அறிவித்தல். ரோட்டே 2019லதான் வந்தது, 24 கிலோமீட்டர், ஃப்ரீடம் ரோட் எண்டு பேர். ரோட்டு வந்த பிறகுதான் சுத்திகரிப்பு நிலையம் கட்ட சாமான் கொண்டு போகக்கூடியதா இருந்தது. அதுக்கு முதல் போத்தல் தண்ணிதான்.

இப்ப படத்துக்கு வாறன். 2014ல வின்னிபெக்கில மனித உரிமை மியூசியம் திறந்தவை, கண்ணாடியும் கோபுரமுமா பெரிய கட்டடம். அதே வருசம் ஷோல் லேக்காரர் என்ன செய்தவை தெரியுமோ, தங்கட ஊரையே "கனேடிய மனித உரிமை மீறல்களின் மியூசியம்" எண்டு அறிவிச்சு, வாங்கோ நாங்களே சுத்திக் காட்டுறம் எண்டிச்சினம். பத்திரிகைக்காரர், படப்பிடிப்பாளர் எல்லாரும் வள்ளத்தில ஏறிப் போனவை. எதை முதலில காட்டுறது, எதைச் சொல்லுறது எல்லாம் அவையின்ர கையில இருந்தது. எனக்குத் தெரிஞ்சு தண்ணி பற்றின படங்களுக்குள்ள அதை விடக் கெட்டித்தனமான வேலை இல்லை.

நான் வேலை விசயமா வடக்கில இன்னொரு ரிசர்வுக்கு, அதாவது பழங்குடிக்கெண்டு ஒதுக்கின ஊருக்கு, போய் வாறனான், பேர் வேண்டாம். அங்க ஒரு வீட்டுக் குசினியில தொட்டிக்கு மேல குழாய், குழாய்க் கழுத்தில ரப்பர் பாண்டால கட்டின ஒரு கடதாசி, குழந்தைப் பிள்ளையின்ர கையெழுத்தில "குடிக்காதே" எண்டு, பக்கத்தில ஒரு சிரிக்கிற மீன் படமும் கீறிக் கிடக்கு. நிலத்தில அந்த 20 லீற்றர் நீலச் சாடிகள் வரிசையா. எனக்கு கை துறுதுறு எண்டது. படம் எடுக்கலாமோ எண்டு கேக்க அந்த வீட்டு அம்மா சிரிச்சா. "எல்லாரும் சாடியைத்தான் எடுக்கினம், எங்கட ஊர்ப் பேரை கம்ப்யூட்டரில தட்டினால் சாடிதான் வருது, என்ர பேரன் வெளியில பிக்கரல் மீன் வெட்டுறான், போய் அதை எடு" எண்டு சொல்லிப்போட்டா. போனன். பதினாலு வயசுப் பெடியன், கத்தியை மீன்ர செவுளுக்குப் பின்னால வைச்சு ஒரே இழுவை, முள்ளில சதை ஒட்டாமல் வருது, கதைச்சுக் கொண்டே வெட்டுறான், குனிஞ்சு பாக்கிறதே இல்லை. அந்தத் தண்ணியோட அவைக்கு நோய் மட்டும்தான் உறவெண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?

நாப்பதுஎம்எம்:
சார் அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா நான் குருவி பக்கம் கொஞ்சம் நிக்கறேன். மீன் வெட்டற பையன் படம் நல்ல படம்தான், அதைப் பாத்து எந்த மந்திரி பைப் போடுவாரு? சாடி படம்தான் வேலை செஞ்சிருக்கும். உலகம் திரும்பிப் பாத்ததெல்லாம் முகத்தாலதான். ஜப்பான்ல மினமாட்டாங்கற ஊர்ல யூஜின் ஸ்மித்ங்கற போட்டோகிராபர் 1971ல எடுத்த படம், பாதரசத்தால கை கால் முறுக்கிப் போன பொண்ணை அம்மா குளிக்க வெக்கறது, அது இல்லாட்டி மினமாட்டாங்கற பேரே நமக்குத் தெரியாது. வலிய காட்டாம வலிக்கு தீர்வு வராது. மரியாதை மரியாதைன்னு ஆளுக்கு ஆள் விலகி நின்னா கடைசில கூரையும் பாலமும்தான் மிஞ்சும், அதை வெச்சு அழகா ஒரு கண்காட்சி நடத்தி காபி குடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்.

வின்னிபெக்வாசி:
நாப்பது தம்பி, நீங்கள் சொல்லுறது பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா அந்தப் படத்தின்ர மிச்சக் கதையையும் சொல்லோணும். அது தாயும் தகப்பனும் சம்மதிச்சு எடுத்த படம், உலகத்துக்குத் தெரியோணும் எண்டுதான் சம்மதிச்சவை. பிள்ளை 1977ல செத்துப் போச்சு. அதுக்குப் பிறகும் படம் போஸ்டரில, பாடப் புத்தகத்தில, கூட்டத்தில குடுக்கிற நோட்டீசில எண்டு வந்து கொண்டே இருந்தது. கடைசியா 1998ல பெற்றோர் அவளை இனி ஓய்வெடுக்க விடுங்கோ எண்டு கேக்க, உரிமை வைச்சிருந்த அய்லீன் ஸ்மித், யூஜினின்ர மனிசியா இருந்தவ, புதுசா வெளியிட அனுமதி குடுக்கிறதை நிப்பாட்டினவ. ஒருக்கா "ஓம்" சொன்னவை பிறகு "காணும், போதும்" எண்டும் சொல்லலாம். நாங்கள் அந்த இரண்டாவது சொல்லுக்கு இடம் வைச்சுப் படம் எடுக்கிறமோ?

பாதரசம் எண்டதால இன்னொண்டு. எங்களுக்குக் கிழக்கில ஒன்ராரியோவில கிராஸி நாரோஸ் எண்ட அனிஷினாபே ஊர். டிரைடன் எண்ட இடத்துக் கடதாசி ஆலை 1962ல இருந்து 1970 வரைக்கும் ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை ஆத்தில விட்டது. மீன் பிடிச்சு வித்துச் சீவிச்ச சனம், டூரிஸ்டுக்கு வழிகாட்டியாப் போன சனம், 1970ல மீன்பிடி மூடுப்பட ஒரே வருசத்தில தொழில் இல்லை. மினமாட்டா நோயை ஆராய்ஞ்ச ஹராடா எண்ட ஜப்பான் டொக்டர் 1975ல அங்க வந்து சோதிச்சவர். 50 வருசத்துக்கு மேலாச்சு, ஆத்தின்ர அடியில அது இன்னும் கிடக்குது. இதில பயங்கரம் என்னெண்டால் அந்த ஆறு பாக்க அவ்வளவு வடிவு. தெளிஞ்ச தண்ணி, பைன் மரம், விடியப்புறம் மூடுபனி. உங்கட போலரைசர், உங்கட 85 எல்லாத்துக்கும் ஏத்த ஆறு. அந்தத் தண்ணியில இருக்கிறதை கமெராவுக்குத் தெரியாது, மீனுக்கும் அதைத் தின்ற மனிசருக்கும்தான் தெரியும்.

காட்டக்கூடாத படமும் இருக்கு. ஜோசஃபின் மாண்டமின் எண்ட அனிஷினாபே பாட்டி 2003ல ஒரு செப்பு வாளியில தண்ணியைத் தூக்கிக் கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுத்தி நடக்கத் தொடங்கினவ, அடுத்தடுத்த வருசங்களில அஞ்சு பெரிய ஏரியையும் சுத்தி முடிச்சவ, 2019ல காலமானா. நடக்கிறதை எடுக்க விடுவினம். தண்ணிக்குச் சடங்கு செய்யேக்க கமெராவைக் கீழ வைக்கச் சொல்லுவினம், சொன்னால் வைக்கோணும், தூர நிண்டு டெலி லென்ஸால எடுக்கிறதெல்லாம் களவு.

ப்ரீசெட்ராஜா:
ப்ரோ பழங்குடி முகத்துக்குன்னே ஒரு ப்ரீசெட் (ரெடிமேட் எடிட்டிங் செட்டிங்) வெச்சிருக்கேன், சுருக்கம் எல்லாம் செமையா எடுத்துக் குடுக்கும், ஆரஞ்சு டோன், இன்பாக்ஸ் வாங்க 199 ரூபாதான்

லைட்மீட்டர்:
ராஜா நீ வெளிய போ தம்பி.

பில்லூர்க்காரன்:
எல்லாம் படிச்சேன். நேரம் ஆச்சு படிக்க. நான் இருளர், பில்லூர் அணை பக்கம் எங்க ஊரு. போட்டோ எனக்கு போன்ல எடுக்கறதுதான், லென்ஸ் எல்லாம் தெரியாது. குருவி அண்ணன் கோயமுத்தூர்னு சொன்னதால எழுதறேன்.

அண்ணா நீங்க குடிக்கறது சிறுவாணியா பில்லூரான்னு உங்க வீடு இருக்கற ஏரியாவைப் பொறுத்தது. பில்லூர்னா எங்க ஊர் வாசல்ல இருந்து பாக்கற தண்ணி. பவானி ஆத்துல கட்டின அணை. சிறுவாணின்னா அது கேரளா அட்டப்பாடி பக்கம், அங்கயும் இருளர்தான், முடுகர், குறும்பர் எல்லாம் இருக்காங்க. ரெண்டும் எங்க ஆளுங்க இருக்கற மலைல இருந்துதான் உங்களுக்கு வருது. எங்களுக்கு வர்றது அணைத் தண்ணி இல்ல. மேல காட்டுல ஒரு ஊத்து இருக்கு, அங்க இருந்து கருப்பு ஹோஸ். அந்த ஹோஸ் வாய்ல பழைய எண்ணெய் கேன்ல ஆணில ஓட்டை போட்டு சொருகி, அதுக்கு மேல கொசுவலைத் துணி ரெண்டு சுத்து, ரப்பர் டியூப் கிழிச்சு இறுக்கிக் கட்டி, மேல கல்லு வெச்சிருப்போம். மழை பெஞ்சா இலை வந்து அடைச்சுக்கும், தண்ணி நின்னுரும், ஒருத்தர் ஏறிப் போயி கழட்டி ஒதறிட்டு வரணும். யானை வந்தா ஹோஸை மிதிக்கும், சில நேரம் உள்ள தண்ணி ஓடற சத்தம் கேட்டு இழுத்துப் பிச்சுரும். ஜாயிண்டுக்கு சைக்கிள் டியூபும் கட்டுக்கம்பியும் எப்பவும் வீட்டுல இருக்கும். உறவு உறவுன்னு பேசறீங்களே, எங்க ஊர்ல பாதிப் பேச்சு "இன்னிக்கு ஹோஸ் பாக்க யார் போறா"ங்கறதுதான்.

போட்டோ எடுக்க நிறைய பேர் வந்திருக்காங்க. பரளிக்காட்டுல பரிசல் ஓட்றதையும் எடுப்பாங்க, நல்லா இருக்கும் அது, எங்க பசங்களுக்கு அதுல சம்பளம் வருது. ஊருக்குள்ள வந்தா பாட்டியைத்தான் எடுப்பாங்க. பாட்டிக்கும் பழகிடுச்சு, கேமரா பாத்தா உடனே சிரிப்பை நிறுத்திக்கும், சிரிச்சா இவங்க எடுக்க மாட்டாங்கன்னு அதுக்கே தெரியும். ஒரு படமும் எங்களுக்கு வந்ததில்ல.

எங்களுக்கு என்ன படம் வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல, நானே சொல்றேன். தேதி, இடம், மணி மூணும் கீழ விழற படம் வேணும். மனு குடுக்கப் போனா "தண்ணி வரல"ன்னு வாயில சொன்னா எழுதிக்குவாங்க அவ்வளவுதான், ஒரு ஆபீஸ்ல எங்க ஊருக்கு பைப் போட்டு முடிச்சாச்சுன்னே பேப்பர்ல இருந்துச்சு. நான் போன்ல ஜிபிஎஸ் கேமரா ஆப் போட்டு, காய்ஞ்ச டேங்க், மூடி இல்லாத வால்வு, அறுந்த ஹோஸ், எல்லாம் தேதியோட எடுத்து பிரிண்ட் போட்டு மனுவோட பின் அடிச்சுக் குடுத்தேன். அப்பறம்தான் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. இன்னும் முழுசா சரியாகல, ஆனா வந்து பாத்தாங்கல்ல. நாப்பது அண்ணன் கேட்டாரு எந்தப் படத்தைப் பாத்து பைப் போடுவாங்கன்னு. அழுவற முகத்தைப் பாத்து ஒருத்தரும் போடல, தேதி போட்ட வால்வைப் பாத்து வந்தாங்க.

நீங்க வாங்க அண்ணா, வரவேணாம்னு சொல்லல. நல்ல கேமராவுல எடுத்தா அறுந்த இடம் இன்னும் தெளிவாத் தெரியும்.

நாப்பதுஎம்எம்:
தலைவா, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். பிரிண்ட் செலவு யாருது? ஏ4ல கலர் பிரிண்ட் போட்டு அனுப்பறதா இருந்தா நான் செய்யறேன், ஆபீஸ் பக்கத்துலயே கடை இருக்கு.

கேத்திப்பையன்:
பில்லூர்க்கார அண்ணா சொன்னதுல இருந்து எனக்கு ஒண்ணு தோணுது. குருவி அண்ணா கோயமுத்தூர்க்காரர்ங்கறதுதான் இந்த சீரிஸோட பலமே, அதை அவரு இன்னும் பாக்கல. பைக்காரா மின்சாரம் 1930கள்ல கீழ வந்துதான் உங்க ஊரு மில்லுங்க பெருகுச்சு. அது தோடர் ஆறு. குந்தா மின்சாரத் திட்டம் 1950கள்ல ஆரம்பிச்சப்ப கொழும்புத் திட்டம்ங்கற வெளிநாட்டு உதவித் திட்டத்துல கனடாதான் உதவி பண்ணுச்சு, வின்னிபெக் ஐயாவுக்கு இது தெரிஞ்சிருக்குமோ என்னவோ, பில்லூர் அணையும் அதே வரிசைல வந்ததுதான். பைப்புக்கு ரெண்டு முனை இருக்கு. எல்லாரும் மேல் முனைக்கு கேமரா தூக்கிட்டு வர்றாங்க. கீழ் முனை உங்க வீட்டு சிங்க்.

வின்னிபெக்வாசி:
கனடாக் காசில உங்கட மலையில அணை, இங்க எங்கட ஏரியில கால்வாய். குடுத்த கையும் எடுத்த கையும் ஒண்டுதான் போல. கேத்தித் தம்பி, அந்தக் கீழ் முனையைச் சொன்னீங்கள் பாருங்கோ, நானும் என்ர குசினிக் குழாயை ஒருநாளும் எடுத்ததில்லை.

கோவைக்குருவி:
சரிங்க, திட்டம் இப்படி மாத்தியிருக்கேன். தோடர் மந்துக்கு கேமரா இல்லாம ஒருக்கா போயிட்டு வர்றேன், எடுக்கலாம்னு சொன்னா கூரை, இல்லைன்னா இல்லை. பைக்காரா பாலம் பஸ்ல இருந்து. பில்லூர்ல ஹோஸ் வாயில இருந்து வீடு வரைக்கும், ஹோஸ் பாக்கப் போறவர் கூடவே ஏறிப்போயி. அப்புறம் எங்க அடுக்குமாடி மொட்டை மாடில சின்டெக்ஸ் நிரம்பி வழியறது, வாட்ச்மேன் அண்ணன் காரைக் கழுவறது. முகம் வேணுங்கறதுல நான் இன்னும் மாறலைங்க, முகம் இல்லாத எட்டு படம் என்னால மாட்ட முடியாது, ஆனா பாட்டி சிரிக்கறதைத்தான் எடுப்பேன். பில்லூர்த் தம்பி, எடுக்கற எல்லாப் படமும் பெரிய சைஸ்ல உங்களுக்கு வரும், எதை மாட்டக்கூடாதுன்னு நீங்க சொன்னா அது மாட்டாது. மேல ஏறும்போது ஃபாரஸ்ட் பர்மிஷன் வேணுமா? ட்ரோன் கொண்டாரலாமா?

கேத்திப்பையன்:
ட்ரோன் வேண்டவே வேண்டாம், காட்டு மேல பறக்க விட்டா கேஸ் ஆகும், யானையும் மிரளும். ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள போறதுன்னா ரேஞ்ச் ஆபீஸ்ல எழுத்துல வாங்கிடுங்க. மழைக்காலத்துல வந்தா அட்டைக்கு மூக்குப்பொடியும் உப்பும் எடுத்துக்கங்க, காலுக்கு.

பில்லூர்க்காரன்:
ஹோஸ் பாக்கப் போறது காலைல யானை இறங்கிப் போனப்புறம்தான், நான் போன் பண்றேன் அப்ப கிளம்புங்க. பாட்டிகிட்ட சொன்னேன், பல்லு இல்லாம சிரிக்க மாட்டேங்குது, பாப்போம்.

நாப்பதுஎம்எம்:
அந்த ஆப்ல எனக்கு ஒரு டவுட். கேமராவுல எடுத்த படத்துக்கு கீழ அந்தத் தேதி, இடம் போட்ட பட்டை விழாதே, அப்ப குருவி என்ன பண்ணுவாரு?

பில்லூர்க்காரன்:
அதே இடத்துல போன்லயும் ஒண்ணு எடுத்துக்கணும் அண்ணா, மனுவுக்கு அதான் செல்லும். மேல டவர் கிடையாது, மேப் படம் வராது, அட்ரஸும் வராது, ஆனா அட்சரேகை நம்பர் விழும், அது போதும். லொகேஷனை மட்டும் கீழயே ஆன் பண்ணிட்டு ஏறச் சொல்லுங்க. போன தடவை ஒரு பையன் மறந்துட்டான், எல்லா நம்பரும் சைபர்னு விழுந்துச்சு, எங்க ஊரு டேங்க் ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல இருக்கறதா காட்டுச்சு.